135 லிட்டரில் வாய்க்குப் போவது பத்து

குழாய் இணைப்பும் பாதாளச் சாக்கடையும் உள்ள நகரத்து வீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும். இந்தியாவில் குடிநீர்த் திட்டம் போடும் பொறியாளர்கள் பல காலமாக வைத்திருக்கும் கணக்கு இது. கட்டுமானப் பொறியியல் படித்தவர்களுக்கு இதன் பிரிவும் மனப்பாடமாக இருக்கும். குளிக்க 55, கழிப்பறைக்கு 30, துணி துவைக்க 20, பாத்திரம் தேய்க்க 10, வீடு கழுவ 10, சமைக்க 5, குடிக்க 5.

இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் போதும், ஒரு விஷயம் உறுத்தும். வாய்க்குள் போவது பத்து லிட்டர்தான். மற்ற 125 லிட்டரும் அழுக்கைக் கரைக்கவும், அடித்துக்கொண்டு போகவும், உடம்புச் சூட்டைத் தணிக்கவும் செலவாகிறது. குடிக்கும் தண்ணீரில் கிருமி இருக்கக்கூடாது, உப்பு குறைவாக இருக்க வேண்டும், சுவை கெட்டிருக்கக்கூடாது. கழிப்பறைத் தண்ணீருக்கு இதில் எதுவுமே தேவையில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு தரம் போதும். ஆனால் நம் நகரங்கள் எல்லா வேலைக்கும் ஒரே குழாயைத்தான் நீட்டுகின்றன. அந்தக் குழாயும் வறண்டுவிட்டால், எந்தத் தண்ணீரை எதற்கு என்று பிரிக்கும் பொறுப்பு வீட்டின் தலையில் விழுகிறது. வீடு என்றால் பெரும்பாலும் அங்கே இருக்கும் பெண்கள்.

சென்னையில் இதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். மெட்ரோ தண்ணி, போர் தண்ணி, லாரி தண்ணி, கேன் தண்ணி என்று நான்கு வகை ஒரே வீட்டுக்குள் புழங்குகின்றன. குடிநீர் வாரியம் குழாயில் அனுப்பும் மெட்ரோ தண்ணீர் தரைக்கடியில் இருக்கும் தொட்டியான சம்ப்பில் இறங்கும். அந்த இணைப்பில் அடிபம்பு வைத்திருக்கும் வீடுகளில் விடியற்காலையிலேயே அடித்துக் குடங்களில் பிடித்து வைத்துவிடுவார்கள். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்கும் போர் தண்ணீர் மோட்டார் வழியாக மாடித் தொட்டிக்கு ஏறி, குளியலறைக்கும் கழிப்பறைக்கும் இறங்கும். இருபது லிட்டர் கேன் சமையலறை மூலையில் கவிழ்ந்து நிற்கும். லாரி எல்லாவற்றுக்கும் மாற்று. ஒரு வீட்டில் வேலைக்குச் சேரும் அக்கா முதலில் கேட்பதே, "எந்தக் குழாய்ல நல்ல தண்ணி வருதுங்க?" என்பதாகத்தான் இருக்கும். அது தெரியாமல் அடுப்படியில் எதையும் தொட முடியாது.

ஏன் முடியாது என்பதற்குப் பருப்புதான் நல்ல சாட்சி. போர் தண்ணீரில் துவரம்பருப்பை வேகவைத்துப் பாருங்கள். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழுசாகக் கிடக்கும், கரண்டியால் மசித்தாலும் நறநறவென்று இருக்கும். நிலத்தடி நீர் பாறையையும் மண்ணையும் கடந்து வரும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூட்டில் அது இளகினால்தான் பருப்பு குழையும். தண்ணீரில் உள்ள கால்சியம் அந்தப் பெக்டினோடு சேர்ந்து அதை இன்னும் இறுக்கிவிடுகிறது. சிட்டிகை சோடா உப்பு போட்டால் வெந்துவிடும் என்று நம் அம்மாக்கள் கண்டுபிடித்தது இந்த இறுக்கத்துக்கான மருந்துதான். காரத்தன்மை கூடும்போது பெக்டின் சீக்கிரம் கரைகிறது.

குளியலறையிலும் அதே கால்சியத்தின் கைவரிசைதான். கட்டிச் சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. உப்புத் தண்ணீரில் அது நுரைப்பதற்கு முன்பே கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத வெண்மையான பிசுக்காக மாறிவிடும். டைல்ஸிலும் பக்கெட்டின் உள்புறத்திலும் படிந்து, எத்தனை தேய்த்தாலும் போகாத அந்த வெள்ளை அதுதான். சோப்பும் கூடுதலாகக் கரைகிறது, அதைக் கழுவிவிடத் தண்ணீரும் கூடுதலாக ஆகிறது. சீயக்காய்க்கு இந்தச் சிக்கல் குறைவு. அதில் நுரை தருவது சபோனின். அது கால்சியத்தோடு இப்படித் திரிந்துபோவதில்லை. கிணற்று நீரை நம்பியிருந்த ஊர்களில் எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய் நிலைத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

குடிநீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். டி.டி.எஸ். என்று கடைக்காரர்கள் மீட்டரை முக்கிக் காட்டுவது இதைத்தான். அந்த மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. எண் குறைவாக இருப்பதால் தண்ணீர் பாதுகாப்பானது என்று நம்பிவிடக் கூடாது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் உப்பைப் பிரிக்கும்போது ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிறது. மெட்ரோ தண்ணீர் ஒழுங்காக வரும் வீட்டில் ஆர்.ஓ. மாட்டுவது பெரும்பாலும் வீண் செலவு. கொதிக்கவைத்து ஆறவைத்தாலே போதும். போர் தண்ணீர் ஒன்றே கதி என்றிருக்கும் வீட்டுக்கு அது தேவைதான். அப்போதும் அந்தக் கழிவுக் குழாயை சிங்க்குக்குள் விடாமல் ஒரு வாளிக்குள் விட்டால் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம், உப்பு மண்ணில் சேர்ந்துவிடும்.

சமையலறையில் தண்ணீர் செய்யும் வேலைகளைத் தனியாகவே எழுதலாம். அரிசி களையும்போது அது தவிட்டுத் தூளைக் கழுவுகிறது. இரண்டாவது முறை களைந்த தண்ணீரை வீணாக்காமல் செட்டிநாட்டில் மண்டி என்ற குழம்பு வைக்கிறார்கள். உலையில் அதுவே வெப்பத்தை அரிசிக்குள் கொண்டு போகிறது, கடைசியில் அரிசிக்குள்ளேயே தங்கியும் விடுகிறது. இட்லிப் பானையில் இன்னும் சுவாரசியமான வேலை நடக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டு வர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல், கொதித்த தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஆகிறது. அந்த வெப்பத்தையெல்லாம் சுமந்துகொண்டு மேலே போகும் ஆவி, குளிர்ந்த மாவைத் தொட்டதும் திரும்பத் தண்ணீராகி, சுமந்து வந்ததை மாவிடம் கொட்டிவிடுகிறது. அடியில் இருக்கும் கொஞ்சம் தண்ணீரிலேயே நான்கு தட்டு இட்லி வெந்து விடுவது அதனால்தான்.

மண்பானை இதே கணக்கைத் திருப்பிப் போடுகிறது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகப் போகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, தண்ணீர் சில்லென்று ஆகிறது. மதுரையிலும் திருச்சியிலும் சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் குடித்தவர்கள் சென்னையில் அந்தக் குளிர்ச்சி இல்லையே என்று குறைப்படுவார்கள். பானையின் மீது பிழை இல்லை. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் ஆவியாதல் மெதுவாக நடக்கிறது. அதே ஈரம்தான் நம் வியர்வையையும் காயவிடாமல் கசகசக்க வைக்கிறது. குளிக்க 55 லிட்டர் என்ற எண் சென்னை மேயில் போதாமல் போவதற்கும் இதுவே காரணம். காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒன்று.

இத்தனை வேலைக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் தர 1772-ல் தோண்டிய ஏழு கிணறு இன்று வடசென்னையில் ஒரு பகுதியின் பெயராக நிற்கிறது. நூறு ஆண்டுகள் கழித்து 1872-ல் செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு நீர் கொண்டு வந்தார்கள். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்கு 1914-ல் வடிகட்டிகள் வந்தன. 1944-ல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. சத்தியமூர்த்தி சாகர் என்று அதற்குப் பெயர், சென்னை மேயராக இருந்து அதற்காக முனைந்தவரின் நினைவாக. பிறகு நகரம் தன் ஆறுகளைத் தாண்டிக் கை நீட்டியது. 1983-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீர் 1996-ல் தமிழக எல்லையைத் தொட்டது. ஆண்டுக்கு 12 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) வர வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த அளவு வந்து சேர்வதில்லை. 2004-ல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டுக் கொண்டு வந்தார்கள். வீராணத்துக்கு நீர் தருவது காவிரி, கொள்ளிடம் வழியாக. 2010-ல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியிலும் 2013-ல் நெம்மேலியிலும் நாளொன்றுக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர் திறனில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. 2024-ல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனில் இன்னொன்று. ஆக, சென்னைக்காரர் ஒருவர் வாய் கொப்பளிக்கும் தண்ணீரில் கிருஷ்ணாவோ காவிரியோ வங்கக்கடலோ இருக்கலாம்.

கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் குடிநீர் எடுக்க மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் கழிப்பறைக்கு மட்டும் நாளுக்கு 120 லிட்டர். கடல்நீர் ஆலையின் தண்ணீர் வரும் பகுதியில் அந்த வீடு அந்த 120 லிட்டருக்காக மட்டும் செலவழிக்கும் மின்சாரம் ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பைக் குறைந்தது நாற்பது மணி நேரம் எரிக்கும். அத்தனை பாடுபட்டு உப்பைப் பிரித்து, சுத்திகரித்து, குழாயில் அனுப்பிய தண்ணீர் ஃப்ளஷ் டேங்கில் போய் உட்காருகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வற்றின. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலை போட்டு வரவேற்கப்பட்ட அந்தத் தண்ணீரை 135 லிட்டர் கணக்கில் பிரித்தால் ஒரு நாளைக்கு 18,500 பேருக்குத்தான் போதும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று பத்துப் பத்து லிட்டராகக் கொடுத்தால் இரண்டரை லட்சம் பேருக்குக் காணும். ஒரே தண்ணீர்தான். எந்த வேலைக்கு என்று முடிவு செய்வதில்தான் 18,500-க்கும் இரண்டரை லட்சத்துக்குமான இடைவெளி இருக்கிறது.

பஞ்சம் வந்தபோது வீடுகள் இந்த முடிவைத் தாமாகவே எடுத்தன. நான் கவனித்த வரையில் முதலில் நிற்பது வாசல் தெளிப்பது, வீடு கழுவுவது. அடுத்து துணி, வாரத்துக்கு இரண்டு தடவை என்று தள்ளிப்போகும். குளியல் இரண்டு வாளியிலிருந்து ஒன்றாகும், பிறகு அரை வாளி. பாத்திரம் கூடாமல் இருக்க ஒரு குழம்பு, ஒரு பொரியல் என்று சமையலே சுருங்கும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சிக்கனம். யாருக்கும் தெரியாமல் நிற்பது கை கழுவுவது. கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு சோப்பு போட்டுக் கழுவும் பழக்கம், ஒரு குவளைத் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கும் வீட்டில் மெல்ல மெல்லக் கைவிடப்படும். வயிற்றுப்போக்கு குழந்தைகளிடம் தொடங்குவது அங்கேதான். சேமித்து வைக்கும் டிரம்களில் இன்னொரு ஆபத்து. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடி முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து உள்பக்கத்தைத் தேய்க்கச் சொல்கிறார்கள். முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

வீட்டுக்குள் குழாய் இல்லாதவர்களுக்குக் கணக்கே வேறு. நான்கு பேருக்கு 135 வீதம் 540 லிட்டர் என்றால், பதினைந்து லிட்டர் குடத்தில் 36 நடை. ஒரு குடம் பதினைந்து கிலோ. யாராலும் தினமும் அப்படிச் சுமக்க முடியாது, அதனால் யாரும் சுமப்பதில்லை. தண்ணீரின் அளவைத் தேவை தீர்மானிப்பதில்லை, இடுப்பு எவ்வளவு தாங்கும் என்பதுதான் தீர்மானிக்கிறது. ஊரகப் பகுதிகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு 55 லிட்டர். அதுவே நகரத்து ஓட்டு வீடுகள் பலவற்றில் எட்டாத அளவு. "லாரி வந்தாச்சாக்கா?" என்று தெருமுனையில் ஒருத்தி கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடும் பெண்ணுக்கு அன்றைய கூலியோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரமோ போகிறது. பள்ளியிலும் வேலையிடத்திலும் கழிப்பறையில் தண்ணீர் இருக்காது என்று தெரிந்து, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களும் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் கல்லும் அதன் விலை. குடிக்க ஐந்து லிட்டர் என்ற அந்தச் சின்ன எண்ணை, கழிப்பறையின் முப்பது லிட்டர் இல்லாமை வெட்டிவிடுகிறது. பட்டியலில் தனித்தனியாகத் தெரியும் இந்த எண்கள் வாழ்க்கையில் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன.

நம் சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மற்றதெல்லாம் திரும்ப இரத்தத்துக்கே போய்விடுகிறது. உடம்பு அப்படி என்றால், வீடு நேர் எதிர். உள்ளே வருவதில் எண்பது சதவீதம் கழிவாக வெளியேறும் என்று வைத்துத்தான் சாக்கடைக் குழாயின் அளவையே கணக்கிடுகிறார்கள். இந்தக் கழிவில் பெரும்பகுதி குளித்த நீரும் துணி அலசிய நீரும். கழிப்பறைக்குத் தேவையான முப்பது லிட்டரைக் குளித்த 55 லிட்டரே தந்துவிடும். துணி கடைசியாக அலசிய தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுவது பல வீடுகளில் எப்போதும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதைச் செய்யத் தடையாக இருப்பது குழாய் அமைப்புதான். குளியலறை நீரும் கழிப்பறை நீரும் ஒரே குழாயில் இறங்கும்படி கட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. வீடு கட்டும்போதே இரண்டு தனிக் குழாய் போடுவதற்கு ஆகும் செலவு, பின்னால் சுவரை உடைப்பதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு. நகர அளவில் இது நடக்கத் தொடங்கியிருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் சாக்கடை நீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் இயங்குகின்றன. தொழிற்சாலைகள் அதை வாங்கும்போது அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. கடல்நீர் ஆலைகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். சாக்கடை நீரில் உப்பு கடல்நீரைவிடப் பல மடங்கு குறைவு. அதைப் பிரிக்க ஆகும் மின்சாரமும் குறைவு.

மழைநீரைப் பற்றிச் சொல்லாமல் சென்னைத் தண்ணீரைப் பேச முடியாது. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. கடலோரத்தில் அதன் பயன் நாம் நினைப்பதைவிடப் பெரியது. நல்ல தண்ணீர் கடல்நீரைவிட லேசானது. அதனால் மணலுக்கடியில் அது உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஒரு மீட்டரை உறிஞ்சிவிட்டால் கீழிருந்து உப்பு அதே நாற்பது மடங்கு ஏறி வரும். மீஞ்சூர் பக்கம் பல கிலோமீட்டர் உள்ளே வரை கிணறுகள் கரித்துப்போனது இப்படித்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் மழையை இறக்கும் ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டுப் போருக்கும் சேர்த்துத்தான் அதைச் செய்கிறது.

கூரை நீரைத் தொட்டியில் பிடித்து நேரடியாகப் பயன்படுத்துவதும் கைக்கெட்டும் வேலைதான். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள். நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில், ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்தாலும் 1,12,000 லிட்டர் கிடைக்கிறது. அத்தனையையும் சேமிக்க இடம் இருக்காது. ஆனால் நான்கு பேருக்கு வாய்க்குப் போகும் தண்ணீர் நாளுக்கு நாற்பது லிட்டர்தானே. 5,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால் 125 நாளைக்கு வரும். டிசம்பர் கடைசியில் நிரம்பியிருந்தால் மே தொடக்கம் வரை கேன் வாங்க வேண்டாம். மாடியைக் கூட்டிவிட்டு, முதல் மழையின் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டி வழியாகத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். வெளிச்சம் புகாத மூடி, கொசு புகாத வலை, குடிக்குமுன் ஒரு கொதி. வடிகட்டி மணலை அலசிப் போடுவதைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் நல்லது. 60, 65 மில்லிமீட்டர் மழை போதும் அந்தத் தொட்டி நிரம்ப. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சென்னையில் அது ஒரே இரவில் பெய்துவிடக்கூடிய மழை.